மேடையில் வாசித்த என் பாதி வாழ்க்கை

வட்டக்கச்சிச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, அரிசி ஆலைக்காரர் வீடு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். கையைக் காட்டிவிட்டுப் போகமாட்டார்கள், சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து என் வாசல் படலையில் இறக்கிவிட்டுத்தான் போவார்கள். அந்த ஆலை நான் கட்டிய இரண்டாவது ஆலை. முதலாவது யுத்தத்தில் போனது. அகதி முகாமால் திரும்பி வந்தபோது அந்த இடத்தில் வெடித்த சீமெந்துத் தளமும் அதற்குள்ளால் முளைத்த ஒரு பூவரசும்தான் மிச்சம். கூரை இல்லை, மெசின் இல்லை, ஒரு ஆணிகூட இல்லை. தறப்பாள் கூடாரத்துக்குள் இருந்துகொண்டே அதே தளத்தில் திரும்பக் கட்டினேன். ஒரு தரம் எழும்பினவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். விழுந்து, திரும்பவும் எழும்பினவர்களை எண்ணிச் சொல்லுங்கள், அதில் நான் முதல் ஆள்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் மலைநாட்டில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில். கலவரத்தோடு தாயும் தகப்பனும் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு வன்னிக்கு வந்தபோது எங்களிடம் ஒரு சாக்குப் பையும் ஒரு அலுமினியச் சட்டியும் இருந்தன. இங்கே எங்களுக்கு முதலில் கிடைத்தது காணி அல்ல, 'தோட்டக்காட்டார்' என்ற ஏளனப் பெயர். அந்தப் பெயரைச் சொன்னவர்களின் பிள்ளைகள் இன்றைக்கு என் ஆலை முற்றத்தில் நெல் மூட்டையோடு வரிசையில் நிற்கிறார்கள். நான் ஒருவரையும் பின்னுக்குத் தள்ளுவதில்லை. வந்த முறைக்குத்தான் குற்றிக் கொடுக்கிறேன். காடு வெட்டியது நான். முப்பது அடிக் கிணறு வெட்டியது நான். பத்திரிகையை எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்து, வாத்தியார் இல்லாமலே வாசிக்கவும் எழுதவும் பழகியதும் நான்தான்.

இவ்வளவையும் இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. இந்தக் கதையைப் பாதியாக வெட்டி, வெளிநாட்டாருக்கு முன்னால் ஒரு மேடையில் வாசித்தார்கள். வாசித்தது என் மகள். வெட்டியது ஒரு ஃபாதர். அந்தக் கோபம் இன்னும் எனக்கு இறங்கவில்லை.

மகள் எங்களுக்குக் கடைசிப் பிள்ளை. உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு, ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் வெட்டுப்புள்ளிக்கு மயிரிழையில் எட்டாமல் போய்விட்டது. கொழும்புக்கு அனுப்ப மனைவிக்கு மனம் இல்லை. கிளிநொச்சிப் பக்கம் ஃபாதர்மார் நடத்துகிற சின்னக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது, எந்தச் சமயத்துப் பிள்ளையும் படிக்கலாம் என்றார்கள். நாங்கள் சைவம். போய்ப் பார்த்தேன். பல்கலைக்கழகம் என்றவுடன் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். ஒரு மாடிக் கட்டடம், தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம், ஒரு சிற்றாலயம், நான்கைந்து வேம்பு. எல்லா வருடத்தையும் சேர்த்தாலும் நூறு பிள்ளைகள் வரமாட்டார்கள். வாசல் சுவரில், கடைசியில் நிற்பவர்களுக்காகவே இந்த இடம் என்று நீலப் பெயின்ற்றில் எழுதியிருந்தது. கடைசியில் நின்றவன் நான். அதைப் பார்த்தவுடன் பிடித்துக்கொண்டது. அன்றைக்கே சேர்த்துவிட்டு வந்தேன்.

பொய் சொல்லக்கூடாது, நல்ல படிப்பு. காலையில் மணி அடித்து எல்லோரும் மண்டபத்தில் கூடுவார்கள். அவரவர் தங்கள் சாமியைக் கும்பிடலாம், ஆனால் ஐந்து நிமிடம் வாய் திறக்கக்கூடாது. புதன்கிழமைகளில் வகுப்பு இல்லை. பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகக் கிராமங்களுக்குப் போய், படுக்கையில் கிடக்கிற கிழடுகளுக்குக் கடிதம் வாசிப்பார்கள், பென்சன் படிவம் நிரப்பிக் கொடுப்பார்கள், கால் இல்லாதவரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். மலசலகூடத்தைப் பிள்ளைகளே முறை வைத்துக் கழுவவேண்டும், விரிவுரையாளர்மாருக்கும் முறை உண்டு. முதல்வர் ஃபாதரே வாளியோடு நின்றதை நான் கண்ணால் கண்டேன். வீட்டில் கோப்பை கழுவப் பஞ்சிப்படுகிற என் பிள்ளை, ஒரு வருடத்துக்குள் ஆங்கிலமும் பேசினாள், என்னோடு நியாயமும் பேசினாள். நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எனக்கு அது மூன்றாம் வருடத்தில்தான் தெரிய வந்தது. வருடத்துக்கு ஒரு தரம் வெளிநாட்டிலிருந்து உதவி செய்கிறவர்கள் வருவார்கள். அன்றைக்கு ஒரு பிள்ளை மேடையில் ஏறித் தன் வாழ்க்கையை வாசிக்கவேண்டும். அதற்குச் 'சாட்சியம்' என்று பெயர். பிள்ளை தமிழில் வாசிக்க, முதல்வர் ஃபாதர் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்லுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். குசினிக்குள் மகள் தாய்க்கு எதையோ வாசித்துக் காட்டுகிறாள். "என் தந்தை மலையகத்திலிருந்து ஒரு சாக்குப் பையோடு வந்தவர். நாங்கள் தறப்பாள் கூடாரத்துக்குள் வாழ்ந்தோம். மழை பெய்தால் என் தாய் இரவு முழுக்க நின்றுகொண்டே இருப்பார்." எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்து ஆலை வரும், மெசின் வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன். "எங்களிடம் எதுவும் இல்லாத நேரத்தில் இந்தக் கல்வி நிலையம் எனக்குக் கதவைத் திறந்தது" என்று முடித்துவிட்டாள்.

"இஞ்ச கொண்டா அந்தக் கடுதாசியை" என்றேன்.

அவள் எழுதிய ஒற்றைத் தாள் அது. அவளுடைய எழுத்து நீல மையில் இருந்தது. அதன்மேல் சிவப்பு மையால் கோடு கோடாக இழுத்திருந்தது. கிணறு வெட்டிய வரிக்கு மேலே கோடு. முதல் ஆலைக்கு மேலே கோடு. இரண்டாவது ஆலை, இரண்டு உழவு மெசின், ஆலையில் வேலை செய்கிற ஆறு பேர், எல்லாவற்றுக்கும் மேலே ஒரே குறுக்குக் கோடு. ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: 'இது தேவையில்லை. கூடாரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதவும்.'

"ஆர் இது?"

"ஃபாதர்."

"என்ர கிணத்தை மூடுறதுக்கு அவர் ஆர்?"

"அப்பா, சும்மா கத்தாதேங்கோ. வாற ஆக்கள் விடுதி கட்டித் தாறதுக்காக வருகினம். பத்தொன்பது பெட்டையள் ஒரு வாடகை வீட்டில இருக்கினம். ஒரே ஒரு ரொயிலற். கூரை ஒழுகுது."

"அதுக்கு என்ர ஆலையை ஏன் மறைக்கவேணும்? நீ அந்த விடுதியில இருக்கிறியோ? பஸ்ஸில போய் வாறாய். இருக்கிற பிள்ளை ஒண்டை வாசிக்கச் சொல்லு."

அவள் கடுதாசியை என் கையிலிருந்து இழுத்து மடித்தாள்.

"போன வருசம் முள்ளிவாய்க்கால் பிள்ளை ஒருத்தி வாசிச்சவள். தகப்பன் காணாமல் போன இடத்துக்கு வரேக்க அவளால ஏலாமப் போட்டுது. மைக்கைப் பிடிச்சபடி நிண்டவள். ஃபாதர் இங்கிலீசில மிச்சத்தைச் சொல்லி முடிச்சார். எல்லாரும் கை தட்டிச்சினம். அவள் ஒரு கிழமை வகுப்புக்கு வரேல்லை. இந்த வருசமும் அவளை ஏத்தப் போகினம் எண்டு கதை வந்துது. அதுதான் நான் வாசிக்கிறன் எண்டு கையைத் தூக்கினனான். விளங்குதோ?"

விளங்கியது. விளங்கியதால் கோபம் இரண்டு மடங்கானது. அது வரைக்கும் என் ஆலைக்காகக் கோபப்பட்டேன். இப்போது அந்த முள்ளிவாய்க்கால் பிள்ளைக்காகவும் சேர்த்து.

"நீ அந்தப் பாதிக் கடுதாசியை வாசிச்சால் இந்த வீட்டுப் படலையைத் திறக்காதே" என்று சொன்னேன். மனைவி அடுப்படியில் இருந்து, "இஞ்சாருங்கோ, வாயை அடக்குங்கோ" என்றாள். நான் அடக்கவில்லை.

அடுத்த நாள் காலையிலேயே மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் முதல்வர் ஃபாதரின் அறைக்குள் நின்றேன். என்னைவிட வயது குறைந்தவர், மெலிந்த மனிதர், சட்டைக் கையில் மை பட்டிருந்தது. எழும்பி நின்று வரவேற்றார்.

"வாங்கோ ஐயா, இருங்கோ. தேத்தண்ணி சொல்லட்டோ?"

"தேத்தண்ணி பிறகு குடிக்கலாம் ஃபாதர். என்ர மகளின்ர கடுதாசியில சிவப்புக் கோடு போட்டது நீங்களோ?"

"ஓம், நான்தான்." மறைக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். "சாட்சியத்துக்கு ஆறு நிமிசம்தான் ஐயா. நேரம் காணாது."

"ஆறு நிமிசத்துக்குள்ள கூடாரம் அடங்குது, என்ர ஆலை அடங்கேல்லையோ?"

அவர் சிரித்துவிட்டார். "ஐயா நல்லாக் கதைக்கிறியள்" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "உங்களைச் சிறுமைப்படுத்த வெட்டேல்லை. வாற ஆக்களுக்கு ஆலைக்காரரின்ர பிள்ளையைப் பற்றிக் கேட்க நேரமில்லை ஐயா. அவையளுக்குக் கூடாரம்தான் விளங்கும். நான் அந்தப் பத்தொன்பது பிள்ளையளுக்கும் ஒரு கூரை போடவேணும். வேற வழி தெரிஞ்சால் சொல்லுங்கோ."

"நேராக் கேளுங்கோ. எங்களுக்கு வீடு வேணும், தாறியளோ இல்லையோ எண்டு கேளுங்கோ. நான் அப்பிடித்தான் கேட்டு வளர்ந்தனான். ஒருத்தனுக்கு முன்னாலயும் அழுது காட்டேல்லை."

"நேராக் கேட்டும் பாத்தனான் ஐயா. மூண்டு வருசம் கேட்டனான். பதில் கடிதம் நல்ல வடிவா வரும். கட்டடம் வராது."

எனக்குக் கோபம் இன்னும் கூடியது. மகளை இன்றோடு நிற்பாட்டுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "அவாவுக்கு இருபத்திரண்டு வயசு. அவாவைத்தான் கேக்கவேணும்" என்றார். அவளைக் கேட்டேன், வாசலில் வைத்து, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க. "நான் வரமாட்டன் அப்பா" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் போய்விட்டாள். என் ஆலையில் ஆறு பேர் நான் சொன்னால் கேட்கிறார்கள். இவள் ஒருத்திதான் கேட்கவில்லை.

விருந்தாளிகள் வந்த நாள் நானும் போனேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட், முன் வரிசைக் கதிரை. மூன்று பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் தலை நரைத்த வெள்ளைக்கார அம்மா. பிள்ளைகள் மாலை போட்டு, நடனம் ஆடி, பிறகு என் மகளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் என்னைப் பார்க்காமல் வாசித்தாள். சாக்குப் பை வந்தது, தறப்பாள் வந்தது, தாய் மழைக்குள் நின்றது வந்தது. ஃபாதர் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னார். பின்னால் இருந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நான் யார் என்று தெரியும். என் ஆலைத் தவிட்டைக் கோழிக்கு வாங்குகிற வீட்டுப் பிள்ளைகளும் அதற்குள் இருந்தார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. "எங்களிடம் எதுவும் இல்லாத நேரத்தில்" என்ற இடத்தில் நான் எழும்பிவிட்டேன்.

"அது பாதிதான்" என்றேன். மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது. "நான்தான் அந்தத் தகப்பன். மிச்சத்தை நான் சொல்லுறன். ஃபாதர், நீங்கள் அவையளுக்குச் சொல்லுங்கோ."

ஃபாதர் விருந்தாளிகளை ஒருக்கால் திரும்பிப் பார்த்தார். "சொல்லுங்கோ ஐயா" என்றார்.

சொன்னேன். காடு வெட்டியதைச் சொன்னேன். கிணற்றில் முப்பதாவது அடியில் கல் வந்து, அந்தக் கல்லை உடைக்க எனக்கு ஒரு மாதம் பிடித்ததைச் சொன்னேன். முதல் ஆலையைச் சொன்னேன், அது போனதைச் சொன்னேன், இரண்டாவதைச் சொன்னேன். இரண்டு உழவு மெசினையும் சொன்னேன். நான் ஒருவரிடமும் கை நீட்டியது இல்லை, நான் ஏழை இல்லை என்று சொல்லி நிறுத்தினேன். ஐந்து நிமிடமாவது கதைத்திருப்பேன். ஃபாதர் விருந்தாளிகள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் இரண்டே இரண்டு வசனம் சொன்னார்.

அந்த வெள்ளைக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணீர் ஓடுகிறது. இரண்டு உழவு மெசின் வைத்திருக்கிற ஒருவனைப் பார்த்து அழுகிற மனிசியை நான் அன்றைக்குத்தான் கண்டேன். எங்கேயோ பிழை நடந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

மேடையில் மகள் இன்னும் மைக்குக்கு முன்னால்தான் நின்றாள். கையிலிருந்த ஒற்றையை மடித்தாள். ஃபாதரைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து நேராக ஆங்கிலத்தில் கதைக்கத் தொடங்கினாள். எனக்கு ஆங்கிலம் விளங்காது. ஆனால் 'மில்' என்ற சொல் விளங்கும். அது இரண்டு தரம் வந்தது. ஃபாதர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா என் கையை விட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு திரும்ப வலது கையை மட்டும் நீட்டி, ஆம்பிளைகள் கை குலுக்குவது போல ஒரு தரம் இறுக்கிக் குலுக்கினார். அந்தக் குலுக்கலை நான் ஏற்றுக்கொண்டேன்.

அன்றைக்கு அவளை என் மோட்டர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பரந்தன் தாண்டிப் போகிற பஸ் ஒன்றுக்கு வழி விட்டு ஓரத்தில் நிறுத்தியபோது கேட்டேன்.

"நான் அவ்வளவு சொன்னனான். ஃபாதர் அதை என்னெண்டு சொன்னவர்?"

"'இந்தத் தகப்பன் உங்களுக்கு நன்றி சொல்லுறார். உங்களாலதான் தன்ர பிள்ளை படிக்குதாம்' எண்டு."

"நீ என்ன சொன்னனீ?"

"'அப்பா நன்றி சொல்லேல்லை. தான் காடு வெட்டினதையும் மில் கட்டினதையும் சொன்னவர். தான் ஏழை இல்லை எண்டு சொன்னவர்' எண்டு."

"பிறகு?"

"'எங்கட விடுதிப் பிள்ளையளுக்கு ஒரு வீடு வேணும். அதைக் கேக்கிறதுக்கு ஒவ்வொரு வருசமும் ஒருத்தி மேடையில ஏறி அழவேண்டாம்' எண்டு."

நான் மோட்டர் சைக்கிளை உதைத்துக் கிளப்பினேன். என் குரல் உடைந்து ஒருவரும் கேட்டதில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசை. விருந்தாளிகள் யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது, ஒரு பதிலும் இல்லை. மகளை ஒருவரும் தண்டிக்கவில்லை. ஃபாதர் அவளைக் கூப்பிட்டு ஒரே ஒரு வசனம் சொன்னாராம்: "பிள்ளை, நீர் சொன்னது உண்மை. ஆனா அந்த வீடு இன்னும் ஒழுகுது." அடித்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். விடுதிப் பிள்ளைகளில் சிலர் அவளோடு கதைப்பதை விட்டுவிட்டார்கள். நாயாற்றுப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி முகத்துக்கு நேரே, "உனக்கென்ன, வீட்டில மூண்டு ரொயிலற் இருக்கும்" என்றாளாம். இருக்கிறதுதான். இரண்டு. மகள் வந்து குசினிக்குள் இருந்து அழுதாள். முள்ளிவாய்க்கால் பிள்ளை மட்டும், வகுப்பில் வேறு இடத்தில் இருந்தவள், புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கத் தொடங்கினாளாம்.

ஒழுகுகிற வீடு என்றால் எனக்கு விளங்கும். மழைக்கு முன்னம் நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நானே செய்யிறன்" என்று மகளிடம் சொன்னேன். "கல்லு என்னட்ட இருக்கு. மேசன் இருக்கிறான். நாலு நாள் வேலை."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "செய்யுங்கோ. ஆனா ஒரு சொல்லுத் தாங்கோ. அங்க வந்து வாய் திறக்கக்கூடாது."

"ஏன்?"

"நீங்கள் காடு வெட்டினதில இருந்து தொடங்குவியள். அந்தப் பிள்ளையள் உங்களுக்கும் நன்றி சொல்லிக்கொண்டு நிக்கவேணும். அதுக்கும் ஃபாதர் செய்ததுக்கும் என்ன வித்தியாசம்?"

பெற்ற பிள்ளை கேட்கிற கேள்வியா இது? அன்றைக்குச் சோறு வேண்டாம் என்று எழும்பிப் போய் ஆலை வாசலில் இருந்தேன். ஆனால் சொல்லுக் கொடுத்தேன். நான் கொடுத்த சொல் தவறியதில்லை.

இரண்டு மலசலகூடம் கட்டினோம், கூரைக்குப் புதுத் தகரம் போட்டோம். மேசனோடு நானும் நின்று சவளால் சீமெந்து குழைத்தேன், இந்த வயதில், இருபது வயதுப் பெடியனும் எனக்கு ஈடு கொடுக்கமாட்டான். பிள்ளைகள் கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளித் தந்தார்கள். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு நாளும் வாயைக் கட்டிக்கொண்டு நின்றது, அந்தக் கிணற்றுக் கல்லை உடைத்ததைவிடக் கஷ்டம்.

கடைசி நாள் ஃபாதர் வந்தார். சுற்றிப் பார்த்தார். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம், அது முகத்தில் தெரிந்தது. பிறகு போனை எடுத்தார்.

"ஐயா, அப்பிடியே நில்லுங்கோ. சவளும் கையில இருக்கட்டும். ஒரு படம் எடுப்பம். அவையளுக்கு அனுப்பினா, மிச்சக் கட்டடத்துக்கு மனம் வரும்."

எனக்குத் தலைக்கு ஏறியது. அந்தச் சவளாலேயே போனைத் தட்டியிருப்பேன். கிணற்றடியில் மகள் வாளியோடு நின்றாள். நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லுக் கொடுத்தவன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சாரம் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருக்கிறது, மேலில் சட்டை இல்லை, உடம்பெல்லாம் சீமெந்து. ஃபாதர் ஒன்றுக்கு இரண்டு படம் எடுத்தார்.

அந்தப் படம் இப்போது எந்த நாட்டில் எந்த மேசையில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் என்ன எழுதி அனுப்பினார் என்று ஃபாதரைக் கேட்டேன். "நல்லதாத்தான் எழுதினனான் ஐயா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. அங்கே வாய் திறக்கக்கூடாது என்றுதான் மகள் சொன்னாள். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதினேன், ஒரு வரியிலும் ஒருவரையும் கை வைக்க விடாமல்.